வாசகர் கேள்வி – பதில்: வெயில் காலத்துப் பனிச்சரிவு

கேள்வி: சேலத்தில் கல்லூரியில் படிக்கும் என் மகள், ஏப்ரல் மாதம் தோழிகளுடன் இமாச்சலப் பிரதேசத்துக்கு மலையேற்றம் செல்லவிருக்கிறாள். “வெயில் வந்துவிட்டது, பனியும் மாதக்கணக்கில் கிடந்து இறுகியிருக்கும், பனிச்சரிவு பயமில்லை” என்கிறாள். எங்கள் மலைப்பாதையிலும் மழை கொட்டினால்தான் மண் சரிகிறது. அவள் சொல்வது சரிதானே?
– வாசகர், ஏற்காடு

பதில்: ஏற்காட்டைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நிறுத்தப்பட்டது நினைவிருக்கும். மண்ணுக்குள் இறங்கும் நீர்தான் அங்கே பிடிப்பைத் தளர்த்துகிறது. பனிமலையிலோ, மழையே இல்லாமல், அந்த நீரை வெயில் உண்டாக்கிவிடுகிறது. ஆகவே உங்கள் மகளின் கணக்கு அங்கே செல்லாது.

மாதக்கணக்கில் கிடந்த பனி ஒரே கட்டியாக இறுகிவிடும் என்பதும் தவறு. ஒவ்வொரு பனிப்பொழிவும் ஓர் அடுக்காகப் படிகிறது. இடையில் வெயிலும் காற்றும் குளிரும் அந்த அடுக்குகளை வெவ்வேறு விதமாக மாற்றுகின்றன. பனி குறைவாகப் படிந்த இடங்களில், கடுங்குளிர் நீடித்தால், தரையை ஒட்டிய அடுக்கு ரவையைப் போல ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாகிவிடுவதுண்டு. அதன்மேல் கனத்த அடுக்குகள் பனிக்காலம் முழுவதும் அசையாமல் இருந்துவிடலாம். வசந்தத்தில் மேற்பரப்பு உருகி, அந்த நீர் கசிந்து இறங்கி, பலவீனமான அடுக்கையோ இறுகிய பனித்தகட்டையோ அடைந்து தேங்கும்போது பிடிப்பு விட்டுப்போகிறது. இப்படிச் சரியும் ஈரப்பனி, உலர்ந்த பனியைவிட மெதுவாகவே வரும் என்றாலும், அதன் கனத்துக்கு முன் மனிதரால் நிற்க முடியாது.

எனவே உங்கள் மகள் அன்றாடம் கேட்க வேண்டியது, பகலில் வெயில் அடிக்குமா என்பதையல்ல, முந்தைய இரவில் பனி நன்றாக உறைந்ததா என்பதை. மேகமற்ற இரவில் பனிப்பரப்பு தன் வெப்பத்தை வானுக்கு விட்டு இறுகும். மேகம் மூடிய இரவிலோ அது நடப்பதில்லை. விடியலில் பூட்ஸ் தடம்கூடப் பதியாத அதே சரிவில், வெயில் ஏறிய பிறகு கால் கணுக்கால் வரை புதைந்தால், உடனே அதை விட்டு நீங்க வேண்டும். கிழக்கு நோக்கிய சரிவுகள் காலையிலும், மேற்கு நோக்கியவை பிற்பகலிலும் இளகும். பனி உருண்டைகள் தாமாக உருண்டு வருவதும், மிதிக்கும்போது ‘தும்’ என்ற அமுங்கிய ஒலி கேட்பதும், காலடியிலிருந்து விரிசல் ஓடுவதும் எச்சரிக்கைகளே.

பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில் தொடங்குகின்றன. ஆனால் சமதளத்தில் நடப்பவர்கூட, மேலே அத்தகைய சரிவு இருந்தால் தப்பியவர் ஆகமாட்டார். 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில் நாதுலா செல்லும் சாலையில் பனிச்சரிவுக்குப் பலியான 7 பேரும் சுற்றுலா வந்தவர்கள். சிகரம் ஏறப் போனவர்கள் அல்லர். சண்டிகரில் இயங்கும் டி.ஆர்.டி.ஓ. (பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பு) ஆய்வகம் இமயமலைப் பகுதிகளுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. அழைத்துச் செல்பவர்கள் அதைப் பார்க்கிறார்களா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். மழுப்பலான பதில் வந்தால், என் கருத்தில், அந்தக் குழு வேண்டாம்.

கேள்வி: பனியில் புதைந்தவரை எவ்வளவு நேரத்துக்குள் மீட்க வேண்டும்?
– வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: முதல் 10, 15 நிமிடங்களுக்குள். அதன்பின் மூச்சுத்திணறலால் பிழைக்கும் வாய்ப்பு வேகமாகக் குறைகிறது. வெளியிலிருந்து மீட்புப் படை வந்து சேர அந்நேரம் போதாது. உடன் வந்தவர்கள்தான் தோண்டி எடுக்க வேண்டும். அதற்கு ஒவ்வொருவரிடமும் புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி, பனிக்குள் குத்திப் பார்க்கும் நீண்ட கம்பி, மண்வாரி ஆகிய மூன்றும், அவற்றைப் பயன்படுத்திய பழக்கமும் இருக்க வேண்டும். இவை இல்லாத குழு, பனிச்சரிவு வரக்கூடிய பாதையில் கால் வைக்கவே கூடாது.