டஃப்னால், ஜி10, நைலான் கடைசல்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

டர்பன்ல கடைசல் பட்டறை நடத்துறேன். லேத்ல பிளாஸ்டிக் கடையறது பத்தி மட்டும் கேளுங்க. டஃப்னால்னா துணியோ காகிதமோ அடுக்கி ரெசின் (பிசின்) போட்டு அழுத்தினது, ஜி10ன்னா அதே மாதிரி கண்ணாடி நார் அடுக்கு. கேக்கறவங்களுக்கு அவங்க ஊர் பேரையே போட்டிருக்கேன்.

சாட்ஸ்வொர்த்: அண்ணே, ஜி10 ராடு கடைஞ்சா கடைசியில ஓரம் பிச்சுக்குது.

பதில்: டூல் வெளிய வர்ற எடத்துல லேயருக்குப் பின்னாடி பிடிமானம் இல்ல தம்பி, அதான். முதல்ல அந்த ஓரத்துல சின்னதா சேம்ஃபர் (சாய்வா சீவறது) போட்டுட்டு கடைங்க, இல்லன்னா பின்னாடி ஒரு மரத்துண்ட ஒட்ட வெச்சு இறுக்கி ரெண்டையும் சேத்தே கடைஞ்சா பிச்சுக்கறது அந்தத் துண்டோட போயிடும். எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூல் வேணாம், கண்ணாடி நார் உடனே மழுக்கிடும். அலுமினியத்துக்குன்னு விக்கிற பளபளன்னு கூரான கார்பைடு இன்சர்ட் (டூல் முனையில மாட்டற வெட்டுத் துண்டு) போடுங்க. 50 மி.மீ. ராடுன்னா 900 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு இத்தனை சுத்து) வாக்குல ஆரம்பிங்க. ஃபீட (டூல் நகர்ற வேகத்த) ரொம்பக் கொறைக்காதீங்க, டூல் வெட்டாம தேய்ச்சு ரெசின் கருகும். மாஸ்க் கட்டாயம்.

டோங்காட்: நைலான் புஷ் (ஷாஃப்ட்ட தாங்கற குழாய் மாதிரி வளையம்) சாயங்காலம் ஷாஃப்ட்ல சரியா போச்சு, காலையில போக மாட்டேங்குது.

பதில்: சூட்டோட அளந்திருப்பீங்க. நைலான் ஸ்டீலை விட ஏழெட்டு மடங்கு விரியும், ஆறினா போர் (உள் ஓட்டை) சுருங்கும். ஆற விட்டு அளங்க. போதாததுக்கு நைலான் தண்ணி குடிச்சு ஊதும், ஹவுஸிங்ல (புஷ் உக்கார்ற வெளிக்கூட்டுல) இறுக்கி அடிச்ச புஷ் வெளிய போக வழியில்லாம உள்பக்கமா நெருக்கும். தண்ணி படற எடம்னா வெஸ்கோனைட் (தண்ணியில அவ்வளவா ஊதாத புஷ் பிளாஸ்டிக்) பாருங்க, நம்ம ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்துல வர்ஜீனியா ஊர்ல செய்யறாங்க.

ஃபீனிக்ஸ்: மாஸ்க் எதுக்குண்ணே, கூலண்ட் (டூல ஆத்த ஊத்தற தண்ணி) ஊத்துனா தூசியே வராதே?

பதில்: தூசி எங்க போச்சுன்னு நெனைக்கிறீங்க? கூலண்டோட சேந்து கண்ணாடிச் சேறா பெட் (லேத்தோட அடித்தளம்) மேல உக்காந்து ஸ்லைடு வேய (டூல் நகர்ற தடத்த) அராவும். துணி டஃப்னாலா இருந்தா லேயர் தண்ணிய இழுத்துக்கிட்டு அளவு மாறும்.

ஃபீனிக்ஸ்: பெரிய கம்பெனியில தண்ணி ஊத்தித்தானே ஓட்டுறாங்க?

பதில்: அங்க மூடின மெஷின், ஃபில்டர், வே கவர் எல்லாம் இருக்கு. உங்க பழைய லேத்ல என்ன இருக்கு, சொல்லுங்க?

இசிபிங்கோ: வேக்குவம் வெச்சா ரெண்டு பேர் சண்டையும் தீரும்ல.

பதில்: இவருதான் சரி. டூல் பக்கத்துலயே ஹோஸ் வைங்க. ஆனா வீட்டு வேக்குவம் பொடித் தூசிய பின்னாடி வழியா ரூமுக்குள்ளயே ஊதிடும், ஹெப்பா ஃபில்டர் வேணும். ஏர் கன் எடுத்து ஊதறவங்க என் பட்டறைப் பக்கம் வராதீங்க.

ஃபீனிக்ஸ்: நான் ஒத்துக்க மாட்டேன்.

பதில்: உங்க லேத், உங்க இஷ்டம். நுரையீரலும் உங்களோடதுதான்.

லெனேசியா: கார்பன் ஃபைபர் குழாய்?

பதில்: அந்தத் தூசியில கரண்ட் பாயும். எலக்ட்ரிக் பேனலுக்குள்ள போனா ஷார்ட்டு. வேக்குவம் இல்லாம தொடாதீங்க.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: டெஃப்லான் சாஃப்ட்டுதானே, அதுக்கு ஒண்ணும் வேணாம்ல?

பதில்: கடையறது சுலபம். ஆனா கைய கழுவாம சிகரெட் பத்த வைக்காதீங்க, ஒட்டியிருக்கற தூள் நெருப்புல எரிஞ்சு அந்தப் புகையில காய்ச்சலே வரும்.

வெருலம்: ஜி10க்கு எச்எஸ்எஸ் போதுமா?

பதில்: மேல சாட்ஸ்வொர்த்துக்கு சொன்னத படிங்க.

சாட்ஸ்வொர்த்: ஒரே ஒரு பீஸ்தான்ணே, மாஸ்க் இல்லாம...

பதில்: இல்ல.