ராணுவத்தில் இருக்கும் கணவருக்கு வேறு தொடர்பு: முதலில் டைவர்ஸா, யூனிட்டுக்குக் கடிதமா?

ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: கணவர் ராணுவத்தில் ஹவில்தார், 13 வருட சர்வீஸ். உடன் பணிபுரிபவரின் மனைவியோடு தொடர்பு இருப்பது, அவர் லீவில் வந்திருந்தபோது போனைப் பார்த்ததில் தெரிந்திருக்கிறது. எட்டு மாதமாக வீட்டுக்குப் பணம் வரவில்லை. 6 வயதில் ஒரு மகள். உடனே டைவர்ஸ் போடலாமா, இல்லை யூனிட்டில் புகார் கொடுத்து வேலையையே காலி பண்ணலாமா?

உங்கள் கோபத்தில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் இந்த இரண்டையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள், முதலில் பணம் வரட்டும். ராணுவச் சட்டம், 1950 மனைவி, பிள்ளைகளின் பராமரிப்புக்காக வீரரின் சம்பளத்திலிருந்து பிடித்துக் கொடுக்க வழி வைத்திருக்கிறது, அதற்குக் கோர்ட்டு உத்தரவு தேவையில்லை. மனைவிக்கு 22 சதவீதம், ஒரு குழந்தைக்கு 5.5 சதவீதம், எல்லாம் சேர்த்து 33 சதவீதத்துக்கு மேல் போகாது என்பது ராணுவத்தின் கணக்கு. கோர்ட்டு இந்த வரம்புக்குக் கட்டுப்பட்டதில்லை, அங்கே இதைவிடக் கூடவும் கிடைக்கலாம்.

இதற்கு ஒரு கடிதம் போதும். கமாண்டிங் ஆபீசருக்கு எழுதுங்கள், முகவரி யூனிட் பெயர் போட்டு, கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் நிலையம்) என்று முடியும், கணவர் அனுப்பிய பழைய கவர் ஏதாவது இருந்தால் அதில் பார்க்கலாம். அவருடைய ஆர்மி நம்பர், ரேங்க், பெயர், திருமணத் தேதி, மகளின் பிறந்த தேதி, எந்த மாதத்திலிருந்து பணம் நின்றது, இவ்வளவுதான் கடிதம். நான்கு பக்கத்துக்கு மனக்குமுறலைக் கொட்டி, பணம் வேண்டும் என்பதைக் கடைசி வரியில் வைத்த கடிதங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அப்படிச் செய்யாதீர்கள், அதை முதல் வரியில் வையுங்கள். வீரர்களின் சர்வீஸ் ஆவணங்களை வைத்திருக்கும் அவர் படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீசுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். அவர் யூனிட் மாறிப் போனாலும் அங்கே தகவல் இருக்கும். கணவரிடம் விளக்கம் கேட்டு, மேலதிகாரிகள் உத்தரவு போட்ட பிறகுதான் பிடித்தம் தொடங்கும் என்பதால் சில மாதங்கள் ஆகும்.

அப்புறம் புகார். 2018-ல் உச்ச நீதிமன்றம் கள்ள உறவைக் குற்றமாக்கிய இ.பி.கோ. 497-ஐ ரத்து செய்தது. ராணுவத்தில் ஒழுங்கு நடவடிக்கை எடுக்க அந்தத் தீர்ப்பு தடையில்லை என்று 2023-ல் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. சக வீரரின் மனைவி என்றால் ராணுவம் மிகக் கடுமையாகவே எடுத்துக்கொள்ளும். புகார் கொடுப்பது உங்கள் உரிமை, கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் ஜவான்களுக்குப் பென்ஷன் 15 வருடத்தில்தான் வரும், உங்கள் கணவர் 13-ல் நிற்கிறார். இப்போது டிஸ்மிஸ் ஆனால் சம்பளமும் இல்லை, பென்ஷனும் இல்லை. நாளைக்கு நீங்கள் ஜீவனாம்சம் கேட்கும்போது எதிலிருந்து வாங்குவீர்கள்? இதை யோசித்துவிட்டு முடிவு பண்ணுங்கள்.

ஆதாரம் விஷயத்தில், அவர் போன் திரையை உங்கள் போனில் படம் எடுத்திருந்தால் அந்தப் படங்களை அழிக்காதீர்கள், சொந்தக்காரர்களுக்கு ஃபார்வர்டு பண்ணாதீர்கள், அந்தப் போனையும் மாற்றாதீர்கள். கோர்ட்டில் தாக்கல் செய்யும்போது மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழும் சேர்த்துத் தர வேண்டும். வெறும் சாட் மெசேஜ்களை வைத்துக் கள்ள உறவை நிரூபிப்பது கஷ்டம். அதே மெசேஜ்களும், எட்டு மாதமாகப் பணம் அனுப்பாததும் சேர்ந்தால் மனரீதியான கொடுமை என்ற காரணத்துக்கு நல்ல பலம். இந்து திருமணச் சட்டத்தில் இரண்டுமே விவாகரத்துக்கான காரணங்கள்தான்.

சரி, டைவர்ஸ். வழக்கை நீங்கள் இப்போது குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், அவர் போஸ்டிங் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. அவர் ஆபரேஷன் பகுதியில் இருந்தால் 1925-ஆம் வருடச் சட்டம் ஒன்றின்படி வழக்கு தள்ளிப்போக வாய்ப்பு உண்டு, பணத்தை முதலில் கேட்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். பரஸ்பர சம்மதத்தில் பிரிவதென்றால் ஒரு வருடம் தனித்து வாழ்ந்திருக்க வேண்டும். அவர் எல்லையில் இருந்தார், நான் ஊரில் இருந்தேன் என்பது அந்தக் கணக்கில் வராது. கணவன் மனைவியாக வாழ்வதை நிறுத்தியது எப்போது என்றுதான் கோர்ட்டு பார்க்கும். டைவர்ஸ் ஆன தேதியிலிருந்து ராணுவ மருத்துவமனை, கேன்டீன் கார்டு, பிற்காலக் குடும்பப் பென்ஷன் எதுவும் உங்களுக்கு இல்லை. அதனால் ஜீவனாம்சத் தொகையைப் பேசும்போது மருத்துவச் செலவையும் சேர்த்துப் பேசுங்கள்.

மகளுடைய உரிமை இதில் எதிலும் போகாது, அவள் பெயர் ராணுவ ஆவணத்தில் ஏறியிருந்தால். பிறந்தபோது அதைப் பதிவு செய்யும் 'பார்ட் டூ ஆர்டர்' வந்ததா என்று அந்தக் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். வரவில்லை என்றால் பிறப்புச் சான்றிதழ் நகலையும் கூடவே வைத்து அனுப்புங்கள்.