நிறுவனத்தின் சங்கப் பட்டியலை எப்படிப் படிப்பது: சுரங்கப் பொறியியல் மாணவியின் தந்தைக்கு ஒரு பதில்

அன்புள்ள ஐயா,

தங்கள் கடிதம் கிடைத்தது. சுரங்கப் பொறியியல் இறுதியாண்டில் இருக்கும் தங்கள் மகளுக்கு ஒரே மாதத்தில் இரண்டு வாய்ப்புகள் வந்திருக்கின்றன. ஒன்று, சிமென்ட் நிறுவனம் ஒன்றின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பயிற்சிப் பொறியாளர் வேலை. மற்றொன்று, அதே நிறுவனமும் ஓர் அரசு ஆய்வகமும் அவர் படிக்கும் கல்லூரியும் சேர்ந்து நடத்தும் வெடி அதிர்வு ஆய்வுத் திட்டத்தில் இரண்டாண்டுப் பணி. நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் பத்துப் பன்னிரண்டு சங்கங்களின் பெயர்களும் ஆய்வுக் கூட்டாளிகளின் பெயர்களும் இருப்பதைக் காட்டி, "நல்ல கம்பெனி அப்பா" என்று மகள் சொல்வதாகவும், கையில் வேலை இருக்கும்போது ஆராய்ச்சி எதற்கு, அந்தப் பட்டியலுக்குத்தான் என்ன மதிப்பு என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேள்விகள் இரண்டானாலும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

பட்டியலில் இருந்தே தொடங்குகிறேன். சந்தா கட்டினால் சங்கத்தில் பெயர் இருக்கும். ஆகவே பெயர் மட்டும் எதையும் சொல்லாது. அந்தச் சங்கத்துக்கு நிறுவனத்திலிருந்து யார் போகிறார், திரும்பி வரும்போது சுரங்கத்துக்கு எதைக் கொண்டுவருகிறார் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. டெல்லியில் இயங்கும் இந்தியக் கனிமத் தொழில் கூட்டமைப்பு போன்ற அமைப்புகள் பெரும்பாலும் உரிமம், வரி, ஏலம், சட்டத் திருத்தம் ஆகியவற்றைப் பற்றி அரசிடம் பேசுபவை. அங்கே நிறுவனத்தின் சார்பில் செல்பவர்கள் மேல்மட்ட அதிகாரிகள். இளம் பொறியாளருக்கு அதனால் நேரடிப் பயன் குறைவு. 1906இல் கொல்கத்தாவில் தொடங்கிய சுரங்க, நிலவியல், உலோகவியல் நிறுவனமும், 1957இல் உருவான இந்தியச் சுரங்கப் பொறியாளர் சங்கமும் வேறு வகை. அவை தொழில் தெரிந்த தனி மனிதர்களின் அமைப்புகள். கருத்தரங்கு நடத்துபவை, கட்டுரை வெளியிடுபவை. ஒரு நிறுவனம் தன் பொறியாளர்களுக்கு விடுப்பும் பயணச் செலவும் கொடுத்து இங்கே கட்டுரை படிக்க அனுப்புகிறது என்றால், அந்தப் பெயருக்கு எடை உண்டு.

தங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இதை அறிய ஒரு வழி இருக்கிறது. ஆண்டுதோறும் சுரங்கப் பாதுகாப்பு வாரமும், சுரங்கச் சூழல் மற்றும் கனிமப் பாதுகாப்பு வாரமும் நடப்பதைப் பதாகைகளில் பார்த்திருப்பீர்கள். முன்னது சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்தின் ஆதரவிலும், பின்னது இந்தியச் சுரங்கப் பணியகத்தின் ஆதரவிலும் நடப்பவை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பரிசளிப்பு விழாதான் கண்ணில் படும். ஆனால் உள்ளே நடப்பது வேறு: ஒரு சுரங்கத்தை மற்ற சுரங்கங்களின் பொறியாளர்கள் குழுவாக வந்து பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். போட்டி நிறுவனத்தின் ஆள் நம் சுரங்கப் படிகளின் உயரத்தை அளக்கிறார், லாரிப் பாதையின் ஓர மண்சுவரைப் பார்க்கிறார், வெடிமருந்துக் கிடங்கின் பதிவேட்டைப் புரட்டுகிறார். அந்தக் குழுக்களில் இந்த நிறுவனத்தின் சார்பில் செல்பவர்கள் யார், எத்தனை ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் என்று மகளை விசாரிக்கச் சொல்லுங்கள். இளையவர்களையும் அனுப்பும் நிறுவனமாக இருந்தால், இரண்டே ஆண்டுகளில் அவர் பத்துச் சுரங்கங்களின் உட்புறத்தைப் பார்த்துவிடுவார். எந்தக் கல்லூரியாலும் அதைத் தர முடியாது.

சங்கத்தில் இருப்பது ஒழுக்கத்துக்கு உத்தரவாதம் என்றும் எண்ணிவிட வேண்டாம். 2019 ஜனவரி 25 அன்று பிரேசிலின் புருமாடின்யோவில் வாலே நிறுவனத்தின் இரும்புத்தாதுச் சுரங்கத்தில் கழிவுச் சேற்று அணை உடைந்து 270 பேர் இறந்தனர். லண்டனில் உள்ள பன்னாட்டுச் சுரங்க மற்றும் உலோகக் கழகத்தில் வாலே அப்போது உறுப்பினர். அதன் பிறகுதான் அந்தக் கழகமும், ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும், பொறுப்பான முதலீட்டுக்கான கோட்பாடுகள் என்ற முதலீட்டாளர் அமைப்பும் சேர்ந்து, 2020 ஆகஸ்டில் கழிவு அணைகளுக்கான உலகத் தரநிலையை வெளியிட்டன. உறுப்பினர் பதவி அந்த அணையைத் தாங்கவில்லை. ஆனால் கூட்டமைப்பு ஒன்று இருந்ததால்தான் போட்டி நிறுவனங்கள் எல்லாம் ஒரே தரநிலைக்கு ஒப்புக்கொள்ள முடிந்தது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சங்கத்தை விட்டு வெளியேறுவதும் சில நேரம் நல்ல அறிகுறியாகலாம். ஆஸ்திரேலியச் சுரங்க நிறுவனமான பிஎச்பி 2017இல் தன் சங்க உறுப்பினர் பதவிகளை எல்லாம் ஆராய்ந்து, பருவநிலைக் கொள்கையில் தனக்கும் உலக நிலக்கரிச் சங்கத்துக்கும் ஒத்துப்போகவில்லை என்று கண்டு அடுத்த ஆண்டு அதிலிருந்து விலகியது. அந்த நிறுவனத்தில் யாரோ ஒருவர் பட்டியலை ஒழுங்காகப் படித்திருக்கிறார்.

இனி கூட்டு ஆய்வு. தாங்கள் 'ஆராய்ச்சி' என்று எழுதியிருப்பதில், வேலை கிடைக்காதவர்கள் காலம் தள்ளும் இடம் என்ற எண்ணம் தெரிகிறது. சில துறைகளில் அப்படி நடப்பதும் உண்டு, மறுக்கவில்லை. சுரங்கத் தொழிலில் நிலைமை வேறு. ஆஸ்திரேலியாவில் 1992 முதல் நடந்துவரும் நிலக்கரி ஆய்வுத் திட்டம் ஒன்று உண்டு. அந்நாட்டின் கருநிலக்கரி உற்பத்தியாளர்கள் விற்பனைக்குரிய ஒவ்வொரு டன்னுக்கும் ஐந்து சென்ட் வீதம் அதற்குத் தருகிறார்கள். எந்த ஆய்வுக்குப் பணம் தருவது என்பதைச் சுரங்க நிறுவனங்களின் பொறியாளர்களே குழுக்களில் அமர்ந்து முடிவு செய்கிறார்கள். நிலத்தடியில் நீண்ட நிலக்கரிச் சுவரைச் சீவி எடுக்கும் இயந்திரம், தான் எந்தக் கோட்டில் போகிறது என்பதைத் தானே அறிந்து திருத்திக்கொள்ளும் தொழில்நுட்பம், அந்த நிதியில் அந்நாட்டு அரசின் அறிவியல் அமைப்பு உருவாக்கியது. அதே நாட்டில் பல தாது நிறுவனங்கள் சேர்ந்து பணம் போட்டு 1962இல் தொடங்கிய தாது பதப்படுத்தல் ஆய்வு, குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. அதில் சேர்ந்த ஆய்வு மாணவர்கள் ஆலைகளுக்கே சென்று, ஓடிக்கொண்டிருக்கும் அரவை எந்திரங்களிலும் தாதுவை நுரையில் மிதக்கவிட்டுப் பிரிக்கும் மிதவைத் தொட்டிகளிலும் மாதிரி எடுத்தார்கள். பட்டம் முடிந்தபோது அவர்களை வேலைக்கு எடுக்க ஆலைகள் தனியாக நேர்காணல் நடத்தத் தேவையிருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

நம் பக்கத்து எடுத்துக்காட்டு கோலார் தங்க வயல். வட ஆர்க்காட்டிலிருந்து போன தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த அந்தச் சுரங்கங்கள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியவை. அந்த ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் திடீரென்று வெடித்துச் சிதறும். அதைக் கண்காணித்து அளந்து பழகிய அனுபவத்தின் பின்னணியில்தான் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988இல் அங்கேயே தொடங்கப்பட்டது. 2001இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. பாறையை அளக்கக் கற்ற நிறுவனம் மூடப்படவில்லை. அணைகள், சுரங்கப்பாதைகள், நீர்மின் நிலையங்கள் என்று அதன் பணி விரிந்தது. தாது தீர்ந்த பிறகும் மிஞ்சுகிற திறமை எது என்று தங்கள் மகள் யோசிப்பாரானால், அது நியாயமான யோசனைதான்.

வெடி அதிர்வு என்றதும் தங்களுக்கு வீட்டுச் சுவரின் விரிசல்தான் நினைவுக்கு வரும். கடிதத்தில் அதையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். 1997இல் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, நிறுவனத்துக்குச் சொந்தமில்லாத குடியிருப்பு வீடுகளுக்கு அதிர்வு வேகத்தின் வரம்பு, அலைவெண் (நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்ற எண்) 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்தால் நொடிக்கு 5 மில்லிமீட்டர், 8 முதல் 25 வரை 10, அதற்கு மேல் 15. இந்த எண்ணுக்குள் நிற்க ஒரு துளைக்கு எவ்வளவு வெடிமருந்து, துளைகளுக்கிடையே எத்தனை மில்லி நொடித் தாமதம் என்பதை ஒவ்வொரு சுரங்கத்திலும் அந்தந்தப் பாறையில் அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். மகளுக்கு வந்திருக்கும் திட்டம் அப்படிப்பட்டதாகத்தான் தெரிகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், மாணவர்களுடன் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குப் போயிருந்தபோது இப்படியொரு அளவீட்டை அருகிலிருந்து பார்த்தேன். உள்ளங்கையில் அடங்கும் உணர்கருவியின் கூர்முனைகளை ஊர் எல்லையில் மண்ணில் அழுத்தி, அது துள்ளாமலிருக்க மேலே சிறு மணல் மூட்டையை வைத்தார்கள். சங்கு ஊதியது, சிவப்புக் கொடி ஏறியது, தரை ஒரு முறை உள்ளங்காலைத் தட்டியது. திரையில் வந்த எண், முந்தைய நாள் அதே அளவு மருந்துக்கு வந்ததைவிடத் தெளிவாகக் கூடுதல். பேராசிரியரும் ஆய்வு மாணவரும் கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்ற ஃபோர்மேன், "போன வெடியில அடிப்பாறை உடையாம நின்னுபோச்சு சார், அதை நாங்க எடுக்கலை" என்றார். முன்னால் கல் தடுத்து நின்றதால் வெடியின் வேகம் வெளியே போக வழியின்றி நிலத்துக்குள் போயிருக்கிறது. அவர் அன்று விடுப்பில் இருந்திருந்தால் அந்த எண் ஒரு புதிராகவே அறிக்கையில் ஏறியிருக்கும்.

என் ஆலோசனை இந்தக் காட்சியிலிருந்து வருவதுதான். கூட்டு ஆய்வில் கல்லூரியின் பக்கம் ஆள் இருப்பார், ஆய்வகத்தின் பக்கம் ஆள் இருப்பார். சுரங்கத்தின் பக்கம் நின்று இரண்டையும் இணைக்கும் பொறியாளரின் நாற்காலி மட்டும் பெரும்பாலும் காலியாக இருக்கும். ஆகவே, தங்கள் மகள் சுரங்க வேலையை ஏற்கட்டும்; ஏற்கும் முன்பே, அந்த ஆய்வுத் திட்டத்தில் நிறுவனத்தின் தொடர்புப் பொறியாளராகத் தன்னையும் சேர்க்குமாறு எழுத்தில் கேட்கட்டும். திட்டத்தைப் பற்றி முன்கூட்டியே தெரிந்த ஒருவர் இலவசமாகக் கிடைப்பதை எந்தச் சுரங்க மேலாளரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.

வேலையை முதலில் வைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. இந்தத் தொழிலில் மேலே செல்ல, பட்டத்துடன் சுரங்க மேலாளர் தகுதிச் சான்றிதழும் வேண்டும். அதற்கான தேர்வை எழுதச் சுரங்கத்தில் பணிபுரிந்த அனுபவம் கட்டாயம். கல்லூரி ஆய்வுப் பணியில் கழியும் இரண்டு ஆண்டுகள் அந்தக் கணக்கில் எவ்வளவு சேரும் என்பதை எழுத்தில் உறுதிசெய்யாமல் இறங்குவது ஆபத்து. ஆய்வுப் பணியில் பணம் மிகக் குறைவு என்று தாங்கள் நினைப்பது மட்டும் பழைய கணக்கு. அரசின் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. நிறுவனம் பணம் தரும் திட்டங்களில் தொகை மாறும்.

நிறுவனம் தொடர்புப் பொறியாளர் பொறுப்பைத் தர மறுத்து, மகளும் ஆய்வுப் பக்கமே போக விரும்பினால், மூவருக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் சிலவற்றைப் பார்க்க வேண்டும். அளவீடுகள் யாருக்குச் சொந்தம், கட்டுரையாக வெளியிட நிறுவனத்தின் அனுமதி வேண்டுமா, வேண்டுமென்றால் எத்தனை நாளில் பதில் தர வேண்டும் என்பவை அவை. என்னிடம் ஆலோசனை பெற்ற மாணவர் ஒருவர் இரண்டரை ஆண்டு உழைத்து எழுதிய கட்டுரை, நிறுவனத்தின் ஒப்புதலுக்குக் காத்திருந்தே பழசாகிப் போனது. பட்டியலில் சங்கப் பெயர்களுக்குக் குறைவில்லாத நிறுவனம்தான் அதுவும். சுரங்கத்தில் காலெடுத்து வைக்கும் முன் 1966ஆம் ஆண்டு விதிகளின்படியான தொழிற்பயிற்சியை ஆய்வு மாணவர்களுக்கும் தருகிறார்களா, சுரங்கத்துக்குள் நேரும் விபத்துக்குக் காப்பீடு யார் பெயரில் என்பதையும் கேட்கச் சொல்லுங்கள்.

பெண் பிள்ளை, இரவுப் பணி என்று தாங்கள் தயங்கியதற்கும் ஒரு வரி. 2019 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பின்படி, திறந்தவெளிச் சுரங்கத்தில் பெண்களை இரவில் பணியமர்த்த அவர்களுடைய எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். பாதுகாப்பு, போக்குவரத்து ஏற்பாடு எல்லாம் நிறுவனத்தின் பொறுப்பு. ஒப்புதல் தருவதா என்பதைத் தங்கள் மகள்தான் முடிவு செய்ய வேண்டும். தாங்களோ நானோ அல்ல.

வேலைக் கடிதத்துக்குப் பதில் தர இன்னும் பன்னிரண்டு நாட்கள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் ஒரு நாள் மகள் சுரங்கத்துக்கே போய், வெடி வைக்கும் நேரத்தில் மேலாளரின் அனுமதியுடன் பாதுகாப்பான தூரத்தில் நின்று பார்க்கட்டும். கடைசியாக யார், எந்தக் கருத்தரங்குக்குப் போய் வந்தார், வந்த பிறகு இங்கே எதை மாற்றினீர்கள் என்று அங்கேயே கேட்கட்டும். என்ன பதில் வந்தது என்பதை எனக்கு எழுதுங்கள். ஒப்பந்த நகல் கிடைத்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
தங்கள் ஆலோசகர்