எரிந்துபோகும் சரக்குக் கலம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு கொண்டுபோன ஆளில்லாக் கலம் ஒன்று இணைவதை நேரலையில் பார்த்தேன். கடைசிக் கொஞ்ச தூரத்துக்கு அது ஊர்ந்ததைப் பார்த்துத் தூக்கமே வந்துவிட்டது. பிறகு படித்தால், அத்தனை பாடுபட்டுச் சேர்ந்த கலத்தைச் சில மாதங்களில் வளிமண்டலத்தில் எரித்துவிடுவார்களாம். திரும்பக் கொண்டுவரக் கூடாதா? வீண் செலவாகத் தெரிகிறதே.

க.

அன்புள்ள க.,

உங்களுக்குத் தூக்கம் வந்தது என்றால் எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று பொருள். யாருக்கும் தூக்கம் வராத நாள் ஒன்று உண்டு: 1997 ஜூன் 25. ரஷ்யாவின் மிர் நிலையத்திலிருந்து பிரித்துவிட்டிருந்த பிராக்ரஸ் என்ற ஆளில்லாச் சரக்குக் கலத்தை, தானியங்கி முறையை விட்டுவிட்டு, கையால் மறுபடி இணைத்துப் பார்க்கும் சோதனை. நிலையத்துக்குள் உட்கார்ந்து, கலத்தின் கேமரா காட்டும் படத்தைத் திரையில் பார்த்தபடி ஓட்டினார் நிலையத்தின் தளபதி வசீலி சிப்ளியேவ். கீழே மேகங்கள், அந்த வெளுப்பில் மிர் சரியாகத் தெரியவில்லை. உடனிருந்த லசுத்கினும் மைக்கேல் ஃபோலும் கலத்தை ஜன்னல் ஜன்னலாகத் தேடினார்கள். கண்ணில் பட்டபோது நேரம் கடந்துவிட்டது. சுமார் 7 டன் எடையுள்ள கலம் நிலையத்தின் ஸ்பெக்டர் என்ற பகுதியில் மோதியது.

காற்று கசிந்தது, காது அடைத்தது. ஸ்பெக்டரை அடைத்துவிடலாம் என்றால், அதன் வாசல் வழியாகக் கேபிள்கள் ஓடின. சிலவற்றைப் பிடுங்கி, சிலவற்றை வெட்டிய பிறகுதான் மூடி போட முடிந்தது. மூவரும் பிழைத்தார்கள். ஸ்பெக்டரின் சூரியத் தகடுகள் தந்த மின்சாரம் போனதால் நிலையம் பாதி இருட்டில் கிடந்தது. கடைசி மீட்டர்களில் ஏன் ஊர்கிறார்கள் என்பதற்கு இது போதும்.

இனி எரிப்பது. நீங்கள் அதைப் பார்சல் வண்டியாக நினைக்கிறீர்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். பிராக்ரஸ் ஒரு டேங்கர் லாரியும்தான். 1978இல் முதல் பிராக்ரஸ், சல்யூட் 6 நிலையத்தின் தொட்டிகளில் எரிபொருள் நிரப்பியது. 400 கி.மீ. உயரத்திலும் மெல்லிய காற்று இருக்கிறது. அது நிலையத்தை இழுத்து இழுத்துக் கீழே இறக்கும். ஒட்டிக்கொண்டிருக்கும் சரக்குக் கலம் தன் எஞ்சினை இயக்கி அதை மேலே தள்ளிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலே, அது குப்பை வண்டி. மேலே குப்பையைக் கொட்ட இடம் கிடையாது. வெளியே வீசினால் அதுவே பூமியைச் சுற்றிவந்து யாரையாவது தாக்கும். சிறுநீரைச் சுத்திகரித்துக் குடிநீராக்கிவிடுகிறார்கள். மலம், கிழிந்த உடை, காலிப் பை, பழுதான கருவி எல்லாம் அந்தக் கலத்துக்குள் போகும். தென் பசிபிக்கில் கப்பலும் விமானமும் அரிதாகப் போகும் பகுதியின் மேல் அதைக் கீழே இறக்குவார்கள். பெரும்பகுதி எரிந்துவிடும், மிச்சம் கடலில் விழும். இதற்கு வெப்பக் கவசம் எதற்கு? கவசமும் பாராசூட்டும் சுமந்தால் அந்த எடைக்குச் சரக்கு குறையும். குப்பையைப் பத்திரமாகத் தரையிறக்க அவ்வளவு செலவு செய்வதுதான் எனக்கு வீணாகப் படுகிறது.

பத்திரமாகத் திரும்பவேண்டிய பொருட்களும் உண்டு, ரத்த மாதிரிகளைப்போல. டிராகன் என்ற அமெரிக்கச் சரக்குக் கலம் அவற்றைக் கடலில் இறக்கித் தருகிறது. அதையே மறுபடி ஏவவும் செய்கிறார்கள். அந்த இடத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஏன் ஆளில்லாமல் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 2014 அக்டோபரிலிருந்து 2015 ஜூனுக்குள் மூன்று சரக்குக் கலங்கள் நிலையத்தைச் சேராமலே அழிந்துபோயின: ஒரு சிக்னஸ், ஒரு பிராக்ரஸ், ஒரு டிராகன். (மூன்றும் கிளம்பியது 28ஆம் தேதி. ஜோதிடர் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.) சாப்பாடும் கருவிகளும் போயின, ஓர் உயிர்கூடப் போகவில்லை. மாதக்கணக்கில் கையிருப்பு வைத்திருந்ததால் மேலே யாரும் பட்டினி கிடக்கவுமில்லை.

அடுத்தமுறை, இணைவதை விட்டுவிட்டு, பிரிந்து போவதைப் பாருங்கள். அதற்கும் நேரலை உண்டு. தூக்கம் வந்தால் எழுதுங்கள்.