குளிர்ந்தால்தான் நட்சத்திரம்

கேள்வி: நட்சத்திரம் நெருப்புக் கோளம். அது கடுங்குளிர் மேகத்தில் பிறக்கிறது என்கிறார்களே, சூடான வாயுவில் பிறப்பதுதானே சுலபம்?
— பிளஸ் டூ மாணவி, பாலக்கோடு

பதில்: தருமபுரியில் முப்பது வருடம் இயற்பியல் நடத்தினேன். இப்படித் திருப்பிப் போட்டு யாருமே கேட்டதில்லை, கண்ணு.

வீட்டில் சைக்கிள் பம்ப் இருந்தால் எடு. டியூபுக்கு வேகமாகக் காற்றடித்துவிட்டு, பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார். சுடும். காற்றை நெருக்கினால் சூடேறும். சூடேறிய காற்று இன்னும் திமிறும். மேகத்துக்குள்ளும் இதே மல்லுக்கட்டுதான். ஈர்ப்பு உள்ளே இழுக்கிறது, வெப்பம் வெளியே தள்ளுகிறது. எவ்வளவு நிறை சேர்ந்தால் ஈர்ப்பு ஜெயிக்கும் என்று இங்கிலாந்து இயற்பியலாளர் ஜேம்ஸ் ஜீன்ஸ் 1902-லேயே கணக்குப் போட்டார். அடர்த்தி மாறாமல், கெல்வின் கணக்கில் வெப்பநிலை 4 மடங்கு கூடினால், தேவைப்படும் நிறை 8 மடங்காகிவிடும். சூடான வாயு சுலபத்தில் சுருங்காது என்பது அதனால்தான்.

அந்த மேகங்களின் உட்பகுதி சுமார் மைனஸ் 263 டிகிரி. கலந்திருக்கும் தூசி, நிறையில் நூற்றில் ஒரு பங்குதான். ஆனாலும் அக்கம்பக்கத்து நட்சத்திர ஒளி உள்ளே வராமல் அதுவே மறித்துவிடுகிறது. இருக்கிற கொஞ்ச வெப்பத்தையும் கார்பன் மோனாக்சைடு ரேடியோ அலைகளாக வெளியேற்றிவிடும். நம்மைக் கொல்லும் அதே வாயுதான்! அதன் 2.6 மில்லிமீட்டர் அலையை 1970-ல் ஓரியன் விண்மீன் கூட்டத்தின் பக்கம் முதன்முதலில் பிடித்தார்கள். மேகத்தில் பெரும்பங்கான ஹைட்ரஜன் மூலக்கூறு அந்தக் குளிரில் அலை விடாமல் ஏறக்குறைய ஊமையாக இருப்பதால், இன்றைக்கும் மேகங்களைத் தேட இந்த அலைதான் பெரிய துணை.

மேகம் என்றதும் வத்தல்மலையில் வந்து உட்காரும் மழைமேகத்தை நினைக்காதே. ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் உள்ள மூலக்கூறுகளை எழுத, 27 போட்டுப் பின்னால் 18 சைபர் போட வேண்டும். அங்கே நெருக்கமான இடத்திலேயே சில ஆயிரம், மிஞ்சினால் சில லட்சம். மேகம் அவ்வளவு தடிமன் என்பதால்தான் கருப்பாகத் தெரிகிறது. பர்னார்டு 68 என்ற மேகம் அரை ஒளியாண்டு அகலம். பின்னால் உள்ள நட்சத்திரங்களை அப்படியே மறைத்துவிடும்.

சரி, நெருப்பு எப்போது? சுருங்கச் சுருங்க அடர்த்தி கூடி, வெப்பம் வெளியேற வழியில்லாமல் போகும். அப்புறம் பம்ப் கதைதான். மையம் சுமார் 1 கோடி டிகிரியைத் தொட்டதும் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணையத் தொடங்கும். சூரியனைப் போன்ற ஒன்று நிலைபெறச் சுமார் 5 கோடி ஆண்டு.

கேள்வி: நம்மூரிலிருந்து பார்க்க முடியுமா?
— வாசகர், ஊத்தங்கரை

பதில்: குளிர் மேகம் கண்ணுக்குச் சுலபத்தில் பிடிபடாது. அதில் பிறந்தவற்றைப் பார்க்கலாம். தை மாதம், நிலா இல்லாத இரவில், ஓரியனின் மூன்று நட்சத்திர வரிசைக்குக் கீழே பைனாகுலரைத் திருப்புங்கள். புகை போலத் தெரியும் திட்டு, 1,300 ஒளியாண்டு தொலைவில் உள்ள பிரசவ அறை.