பாம்பு கடித்ததா, பாம்பைக் கடித்தாரா?

கேள்வி: தங்கச்சி இந்த முறை சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். ஆங்கிலத்தில் செய்வினை, செயப்பாட்டுவினை என்றாலே முகம் வாடிவிடும். ரியூசனில் சூத்திரம் மாதிரிப் பாடமாக்கியிருக்கிறாள், ஆனாலும் ‘விபத்து நடந்தது’ என்பதற்கு ‘தி அக்சிடென்ட் வோஸ் ஹப்பன்ட்’ என்று எழுதி வெட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். வீட்டில் யாரும் ‘சோறு அம்மாவால் சமைக்கப்பட்டது’ என்று கதைப்பதில்லை. ஆங்கிலத்துக்கு மட்டும் இது எதற்கு?
— வாசகர், தருமபுரம்

பதில்: கடைசியாகக் கேட்டீர்களே தம்பி, அதுதான் கேள்வி. வயலில் உழவு மெசின் ஓட்டிக்கொண்டிருந்த ட்ரைவரைப் பாம்பு கடித்துவிட்டது என்று வையுங்கள். ‘பாம்பு ட்ரைவரைக் கடித்தது’ என்றாலும் ‘ட்ரைவரைப் பாம்பு கடித்தது’ என்றாலும் கடிபட்டது ட்ரைவர்தான், ஏனென்றால் அவர் எங்கே போய் நின்றாலும் அந்த ‘ஐ’ உருபு அவரோடு ஒட்டிக்கொண்டே போகும். ஆங்கிலத்தில் அப்படியொரு உருபு இல்லை. முன்னால் நிற்பவர் செய்தவர், பின்னால் நிற்பவர் பட்டவர். ‘த ஸ்னேக் பிட் த ட்ரைவர்’ என்பதில் இரண்டு பேரையும் இடம் மாற்றிவிட்டால் ட்ரைவர் பாம்பைக் கடித்துவிடுவார், பிறகு ஆஸ்பத்திரிக்குப் பாம்பைத்தான் கொண்டுபோக வேண்டும்.

ஆனால் நமக்குக் கவலை ட்ரைவரைப் பற்றித்தானே, அவரை முன்னுக்குக் கொண்டுவர வேண்டாமா? அதற்காகத்தான் வினையை மாற்றுகிறார்கள்: ‘த ட்ரைவர் வோஸ் பிட்டன்’. ‘வோஸ்’ காலத்தைச் சொல்கிறது, ‘பிட்டன்’ என்ற மூன்றாவது வடிவம் அவர் கடிபட்டவர் என்று காட்டுகிறது. கடிபட்டார், அடிபட்டார், மாடு பிடிபட்டது என்று நாமும் வாய்க்கு வாய் ‘படு’ போட்டுத்தான் கதைக்கிறோம், கவனிப்பதில்லை, அவ்வளவுதான்.

மாரியில் ‘இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன’ என்று செய்தி வரும். யார் திறந்தார் என்று யாராவது கேட்கிறோமா? தண்ணீர் எந்தப் பக்கம் வரும் என்பதுதான் கவலை. அதே செய்தி தேத்தண்ணிக் கடைக்கு வரும்போது ‘வான்கதவைத் திறந்துவிட்டினமாம்’ என்று ஆகிவிடும். அந்த ‘இனம்’ யார் யார் என்று சொன்னவருக்கும் தெரியாது, கேட்டவருக்கும் தேவையில்லை. ஆங்கிலம் அந்த இடத்தில் ‘வேர் ஓப்பன்ட்’ என்று முடித்துக்கொள்ளும். பின்னால் ‘பை’ போட்டு ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் பயிற்சிகள்தான் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்பது என் எண்ணம். ஆள் முக்கியமென்றால் ‘பை’ போடட்டும், இல்லாவிட்டால் விடட்டும்.

இனி அந்த வெட்டு. தங்கச்சி ‘வோஸ்’ என்பதை எந்த வினைக்கு முன்னாலும் குத்தக்கூடிய இறந்தகால முத்திரை என்று நினைத்துவிட்டாள், பலருக்கும் இதே குழப்பம்தான். எழுதுமுன் ‘எதை? யாரை?’ என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கடித்தது, யாரை? பதில் உண்டு. திறந்தார்கள், எதை? உண்டு. விபத்து நடந்தது, எதை? பதில் இல்லை. செயப்படுபொருள் இல்லாத வினைக்குச் செயப்பாட்டுவினையும் இல்லை, எனவே ‘தி அக்சிடென்ட் ஹப்பன்ட்’, அதோடு சரி. ‘அரைவ்’, ‘கம்’, ‘டை’ எல்லாம் இதே சாதி.

பிறப்பு மட்டும் தலைகீழ். நாம் ‘பிறந்தேன்’ என்று ஏதோ நாமே செய்த வேலைபோலச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் பெற்றவள் தாய், பிள்ளை பெறப்பட்டது, ஆகவே ‘ஐ வோஸ் போர்ன்’. என் முதல் வேலை விண்ணப்பத்தில் நான் ‘வோஸ்’ இல்லாமலேதான் பிறந்தேன். வேலை கிடைக்கவில்லை. அதனால்தானா என்று கேட்காதீர்கள்.

கேள்வி: தன்வினையும் செய்வினையும் ஒன்றா?
— மாணவி, மல்லாவி

பதில்: இல்லை பிள்ளை. பந்து உருண்டது தன்வினை, பந்தை உருட்டினான் பிறவினை. இரண்டுமே செய்வினைதான். பந்து உருட்டப்பட்டது என்றால்தான் செயப்பாட்டுவினை. ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் ‘ரோல்ட்’ என்ற ஒரே சொல் போதும், ‘த போல் ரோல்ட்’, ‘ஹீ ரோல்ட் த போல்’. செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்வது வழக்கில் உண்டு என்று தொல்காப்பியத்திலேயே இருக்கிறது, உரைகளில் ‘திண்ணை மெழுகிற்று’ என்று உதாரணம் காட்டுவார்கள். திண்ணை தன்னைத்தானே மெழுகுமா? கோயில் திருவிழாவில் ‘கச்சான் நல்லா விக்குது’ என்கிறோமே, அதுவும் அப்படித்தான். ஆங்கிலக்காரரும் அங்கே ‘இட் செல்ஸ் வெல்’ என்றுதான் சொல்வார்.