நாற்பத்தாறும் எண்பத்திரண்டும்

அன்புள்ள ஐயா,

ஏழாம் வகுப்புக்கு உலக வரலாறு எடுக்கிறேன். இது மூன்றாவது ஆண்டு. ‘இந்த வகுப்பில் உங்களிடம் எதிர்பார்ப்பது’ என்று முதல் நாளே பிள்ளைகளுக்கு ஒரு தாள் கொடுத்துவிடுவேன். தேர்வுக்கு 30, நோட்டுக்கு 20, வீட்டுப்பாடத்துக்கு 20, ப்ராஜெக்டுக்கு 20, வகுப்பில் நடந்துகொள்ளும் விதத்துக்கு 10. எதையாவது தராவிட்டால் அதற்குப் பூஜ்யம். எல்லாம் எழுத்தில் இருப்பதால் யாரும் குறை சொல்ல முடியாது என்று நினைத்திருந்தேன்.

இந்தப் பருவத்தில் ஒரு மாணவி தேர்வில் 28 வாங்கினாள். வகுப்பிலேயே அதுதான் அதிகம். ஆப்பிரிக்காவின் மாலிப் பேரரசர் மான்சா மூசா பற்றிய கேள்விக்கு மட்டும் இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். ஆனால் நோட்டில் 6, வீட்டுப்பாடத்தில் 8, நடத்தையில் 4. ப்ராஜெக்ட் தரவே இல்லை. மொத்தம் 46. தேர்வில் 14 வாங்கிய ஒரு பையன் மற்றதையெல்லாம் ஒழுங்காக முடித்து 82.

அவளுடைய அம்மா வந்து கேட்டபோது அந்தத் தாளைக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் போய்விட்டார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அவளுக்கு மார்க்கை மாற்றிப் போடலாமா? ஆண்டுகளைக் கேட்பதையே நிறுத்திவிடு என்று உடன் வேலை பார்ப்பவர்கள் சொல்கிறார்கள், அது சரியா? இணையத்தில் பார்த்து அப்படியே எழுதிவரும் பிள்ளைகளை என்ன செய்வது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் பழைய விடைத்தாள் ஒன்றைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருந்தேன். என்னுடைய விடைத்தாள். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் கொஞ்சம் திட்டிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் கடிதத்தை நீங்களே ஒருமுறை வாசித்துப் பாருங்கள். எதற்கு எத்தனை மார்க் என்று ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெண் இரண்டு பக்கத்தில் என்ன எழுதினாள் என்று ஒரு வரிகூட இல்லை. 1324-ல் மெக்காவுக்குப் போகும் வழியில் மான்சா மூசா கெய்ரோவில் பொன்னை வாரி இறைத்தார். அதில் அந்த ஊரில் பொன்னின் மதிப்பே இறங்கிப்போயிற்று. பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியும் அது பழைய நிலைக்கு ஏறவில்லை என்று அரபு வரலாற்றாசிரியர் அல் உமரி எழுதிவைத்திருக்கிறார். பன்னிரண்டு வயதுப் பிள்ளை இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்குமா? அள்ளிக்கொடுத்தால் ஊர் பணக்கார ஊராகத்தானே ஆக வேண்டும், ஏன் எல்லாருக்கும் நஷ்டம் வந்தது? அவள் இதைத்தான் எழுதினாளா, வேறெதுவும் எழுதினாளா? எனக்குத் தெரியவேண்டியது அது. உங்களுக்கோ அவள் நோட்டில் 6 என்பதுதான் நினைவில் நிற்கிறது.

ஒரு பிள்ளைக்கு வரலாற்றில் 46 என்று எழுதிக் கொடுக்கிறீர்கள். வாங்கிப் பார்ப்பவர் என்ன நினைப்பார்? பாதிகூடத் தெரியாத பிள்ளை என்றுதான். தாளில் ‘நோட்டுக்கு அட்டை போடவில்லை, பேசிக்கொண்டே இருந்தாள், ப்ராஜெக்ட் தரவில்லை’ என்றா இருக்கிறது? ‘வரலாறு: 46’ என்றுதான் இருக்கிறது. ஒழுங்கைப் பற்றிச் சொல்ல ஆசையா, தனியாகச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு ‘வேலையை முடித்துத் தருவதில் கவனம் தேவை’ என்று எழுதுங்கள். அம்மாவுக்கும் புரியும், பிள்ளைக்கும் உறைக்கும். இரண்டையும் ஒரே எண்ணுக்குள் போட்டுக் கலக்கினால் எது எதனால் வந்தது என்று யாராலும் பிரித்தெடுக்க முடியாது, நீங்கள் உட்பட.

அந்தப் பூஜ்யம் இருக்கிறதே, அதை நான் விடப்போவதில்லை. ஐந்து வேலை கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருத்தி நான்கில் 90 வாங்குகிறாள், ஐந்தாவதைத் தரவில்லை. கூட்டினால் 360, ஐந்தால் வகுத்தால் 72. இன்னொருத்தி ஐந்திலும் 72 வாங்குகிறாள். அவளுக்கும் 72. இந்த இரண்டு பிள்ளைகளும் ஒன்றா? முதல் பெண் ஐந்தாவதை ஏனோதானோவென்று கிறுக்கிக் கொடுத்து 40 வாங்கியிருந்தால் 80 வந்திருக்கும். ஆக, மோசமாகச் செய்வதைவிடச் செய்யாமல் இருப்பது எட்டு மார்க் குற்றம். இது தண்டனை, டீச்சர். தண்டனை கொடுக்க வேண்டுமானால் கொடுங்கள், அதற்கு வரலாறு என்று பெயர் வைக்காதீர்கள். தராத வேலைக்குக் கட்டத்தைக் காலியாக விடுங்கள், வாங்கும்வரை துரத்துங்கள், மாலையில் உட்காரவைத்து எழுதச் சொல்லுங்கள். பூஜ்யம் போடுவது நமக்குச் சுலபம். அந்தப் பிள்ளைக்கும் சுலபம்: இனி அந்த வேலையைச் செய்யவே வேண்டாம், கணக்குத் தீர்ந்துவிட்டது. (பூஜ்யத்தை வைத்துக் கணக்குப் போட 628-ல் பிரம்மகுப்தர் விதி எழுதினார். கூட்டலும் பெருக்கலும் சரியாக வந்தன. வகுக்கும் இடத்தில் அவரே சறுக்கினார். நாம் சராசரி எடுக்கும்போது சறுக்குவதில் வியப்பில்லை.)

உங்களுக்கு அந்தப் பெண்ணை நினைத்துத் தூக்கம் வரவில்லை. எனக்கு அந்தப் பையனை நினைத்துத்தான் வரவில்லை. 30-க்கு 14. பாதிக்குக் கீழே. அவனை யாராவது கூப்பிட்டு, ‘தம்பி, உனக்கு எந்த இடம் பிடிபடவில்லை’ என்று கேட்டீர்களா? 82 வாங்கியவனை யார் கேட்பார்கள்? பொறுப்பான பிள்ளை, சொன்னதையெல்லாம் செய்திருக்கிறான், வரலாறு தனக்கு வருகிறது என்று நம்பிக்கொண்டிருப்பான். அவன் நம்பிக்கையை உடைக்க வேண்டாம், ஆனால் அவனை இப்படியே விட்டுவிடவும் கூடாது.

நோட்டுக்கு 20 என்று பார்த்ததும் அரசு வேலைக்கு ஆள் எடுக்கச் சீனாவில் நடத்திய தேர்வுகள் நினைவுக்கு வந்தன. சோங் அரசர்கள் காலத்தில், அதாவது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, விடைத்தாளில் பெயரை மறைத்து ஒட்டினார்கள். அதுவும் போதவில்லை, கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று எல்லா விடைகளையும் எழுத்தர்களை வைத்து வேறு தாளில் படியெடுத்து அதைத்தான் திருத்தக் கொடுத்தார்கள். கையெழுத்துக்கு மார்க் விழக்கூடாது என்பதற்கு அத்தனை பாடு. அதே தேர்வு பின்னாளில் எட்டு உறுப்புக் கட்டுரை என்ற ஒரே அச்சில் போய் இறுகியது, எதிர்பார்ப்பு அவ்வளவு துல்லியமாகிவிட்டது. நான்கு முறை எழுதித் தோற்ற ஹோங் சியூச்சுவான் பிறகு சீன அரசை எதிர்த்த தைப்பிங் கிளர்ச்சியின் தலைவரானார். 1864-ல் அது அடங்குவதற்குள் இரண்டு கோடிப் பேர் செத்திருப்பார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். தேர்வில் தோற்றதால் போர் வந்தது என்று உங்கள் மாணவர் எவராவது இதைப் படித்துவிட்டு எழுதினால் தாராளமாக மார்க்கைக் குறையுங்கள். வறுமை, வெள்ளம், வரி, ஓபியம் போரில் பட்ட தோல்வி, இதெல்லாம் எங்கே என்று கேளுங்கள். 1905-ல் அந்தத் தேர்வையே எடுத்துவிட்டார்கள்.

சரி, என் விடைத்தாள். நானும் ஏழாம் வகுப்பு. ‘மறுமலர்ச்சி தோன்றியதற்கான காரணங்களை எழுதுக.’ ஐந்து மார்க், ஐந்து காரணம், ஒன்றுக்கு ஒன்று. வரிசையும் மாறக்கூடாது. முதல் காரணம்: 1453-ல் கான்ஸ்டாண்டிநோபிள் துருக்கியர் வசமானது, அங்கிருந்த கிரேக்க அறிஞர்கள் ஏடுகளோடு இத்தாலிக்கு ஓடிவந்தார்கள். நான் அப்போது கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கிற பையன். மறுமலர்ச்சிக்குத் தகப்பன் இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் என்று ஒரு புத்தகத்தில் படித்திருந்தேன். அவர் இறந்தது 1374. விட்டேனா? ‘79 ஆண்டுகளுக்கு முன்பே செத்துப்போனவர் எப்படித் தகப்பனாக முடியும், ஆகவே முதல் காரணம் தவறு’ என்று எழுதிவிட்டு, மீதி நான்கு காரணங்களை எழுதாமலே அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

சிவப்பு மையில் ஒரு பூஜ்யம். பக்கத்தில் ‘அதிகப்பிரசங்கி’ என்று ஒரு சொல்.

அந்தப் பூஜ்யத்தின் மேல் எனக்கு நெடுங்காலம் கோபம் இருந்தது. அப்புறம்தான் மெதுவாகச் சில விஷயங்கள் தெரிந்தன. கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து வந்த மானுவேல் கிரிசோலோரஸ் 1397-லேயே ஃபுளோரன்ஸில் கிரேக்கம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிட்டார். நகரம் விழுவதற்கு 56 ஆண்டுகள் முன்பு. நான் சொன்னதற்கு வலுச் சேர்த்துவிட்டது என்று குதித்தேன். பிறகு பெசாரியன் என்ற கிரேக்க மதகுரு வந்தார். நகரம் விழுந்த பின் கிரேக்க ஏடுகள் அழிந்துபோகுமே என்று அஞ்சித் தேடித்தேடிச் சேர்த்தவர். 1468-ல் எல்லாவற்றையும் வெனிஸ் நகரத்துக்குக் கொடுத்துவிட்டார். அப்படியானால் 1453-க்கும் ஒரு பங்கு உண்டு. தொடங்கிவைத்தது அதுவல்ல, ஆனால் நடந்துகொண்டிருந்ததற்கு ஊட்டம் கொடுத்தது. பாடப்புத்தகம் பாதி சரி, நான் பாதி சரி. இன்றைக்கு அந்த விடைத்தாள் என் கையில் கிடைத்தால் இரண்டரை போடுவேன். மீதி நான்கு காரணத்தை எழுதாமல் திமிர் காட்டியதை மன்னிக்க மாட்டேன்.

எனக்குப் பூஜ்யம் போட்டவர் கெட்டவர் இல்லை. வரிசைப்படி ஐந்து காரணம் என்றால் கேட்கிறவர்களுக்குக் காட்டலாம். ஒரு பிள்ளை யோசித்து எழுதியதற்கு மூன்றா மூன்றரையா என்றால் அவரே நின்று பதில் சொல்ல வேண்டும், கையில் காட்ட ஒன்றும் இருக்காது. உங்கள் தாளும் அதற்காக எழுதியதுதான். ‘யாரும் குறை சொல்ல முடியாது’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகளிடம் எதிர்பார்ப்பது என்று தலைப்புப் போட்டு, பெற்றோருக்குப் பயந்து எழுதிய தாள் அது. மூன்றாவது ஆண்டில் பயம் இருக்கத்தான் செய்யும். அந்த அம்மா ஒன்றும் பேசாமல் போனாரே, அதில் உங்களுக்குத் தூக்கம் போனது நல்ல அறிகுறி.

அடுத்த பருவத்தில் முதல் நாள் தாளைக் கொடுக்காதீர்கள். பழைய விடைகள் இரண்டைப் பெயரில்லாமல் வாசித்துக்காட்டுங்கள். ஒன்று பாயிண்ட் பாயிண்டாக, ஒன்று ‘ஏன்’ என்று துருவிப் போவது. எது மேல், ஏன் என்று பிள்ளைகளைச் சொல்லவிடுங்கள். சண்டை வரும், வரட்டும். அதற்குப் பிறகு என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று நான்கு வரி எழுதினால் போதும்.

ஆண்டுகளை நிறுத்துவது பற்றி: கூடாது. 1374 தெரிந்திருந்ததால்தான் நான் வாயைத் திறந்தேன். முன்னது எது பின்னது எது என்று தெரியாத பிள்ளை காரணத்தைப் பற்றி என்ன பேசும்? ஐம்பது ஆண்டுகளை ஒப்பிக்கச் சொல்ல வேண்டாம், பத்துப் பன்னிரண்டு போதும். இணையத்தில் பார்த்து எழுதுவதை இப்போது விடுங்கள். எழுதியதை வாயால் சொல்லச் சொன்னால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மார்க்கை மாற்றலாமா என்றுதான் முதலில் கேட்டீர்கள், அது எங்கோ போய்விட்டது. ப்ராஜெக்டை இப்போதாவது வாங்கிக்கொண்டு மாற்றுங்கள். தலைமை ஆசிரியர் என்ன சொல்வாரோ எனக்குத் தெரியாது.

அந்த இரண்டு பக்கத்தை, அவளிடம் கேட்டுக்கொண்டு, பெயரை மறைத்து எனக்கு அனுப்ப முடியுமா? படியெடுக்க வேண்டாம். கையெழுத்து எப்படி இருந்தாலும் படித்துவிடுவேன்.